குளத்தூர்ப் பல்லவராயர்: ஒரு ராஜவிசுவாசியின் போரும் நிலமும்

நெய்வேலிக்கு மேற்கே விருத்தாசலம், வடக்கே பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை, கிழக்கே கடலூரை ஒட்டித் திருவயிந்திபுரம், வடமேற்கே கெடிலக் கரையில் சேந்தமங்கலம். சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் சுற்றி நிற்கும் இந்த நான்கு ஊர்களும் சோழ அரசின் கடைசி நூறு ஆண்டுகளைப் படிக்க விரும்புகிறவர் தவறவிடக் கூடாதவை. 1231-ஐ ஒட்டி, சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனை அவனுக்கே அடங்கியிருக்க வேண்டிய ஒரு நிலத்தலைவன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். அவன் பெயர் கோப்பெருஞ்சிங்கன். காடவர் குலத்தவன். இந்தச் செய்தியைத் திருவயிந்திபுரம் கோயில் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது.

கலகக்காரனைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவனுக்கு இரண்டு தலைமுறை முன்னால், அரசுக்காகவே வாழ்ந்து அரசுக்காகப் போரிட்ட ஒருவரைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. சோழ நாட்டு அரியணை ஆட்டம் கண்டபோது அதைத் தாங்கிப் பிடித்தவர் அவர். பாண்டிய நாட்டுத் தாயாதிச் சண்டையில் சோழப் படையை நடத்தியவரும் அவரே. திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர் என்பது அவர் பெயர். அவரைப் புரிந்துகொள்ளாமல் கோப்பெருஞ்சிங்கனையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஒருவர் அரசைக் காத்தார், மற்றவர் அரசனைச் சிறையிட்டார். ஆனால் இருவரும் ஒரே அமைப்பில் முளைத்த ஒரே வகை மனிதர்கள்: நிலமும் படையும் சேர்ந்து வைத்திருந்தவர்கள்.

பல்லவராயரின் சொந்த ஊர் நம் நெய்வேலிப் பக்கமே அல்ல. தொண்டை மண்டலம் என்ற ஜயங்கொண்ட சோழ மண்டலத்தில், ஆமூர்க் கோட்டத்தைச் சேர்ந்த சிறுகுன்ற நாட்டில், காரிகைக் குளத்தூர். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரே ஒரு செய்தி. யாப்பருங்கலக்காரிகையை இயற்றிய அமிதசாகரரை அழைத்துவந்து ஆதரித்த குடும்பத்தின் ஊர் இது. அந்த நூலால்தான் வெறும் குளத்தூர் காரிகைக் குளத்தூர் ஆயிற்று. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நீடூர்க் கோயிலில் உள்ள கல்வெட்டுப் பாடல்கள் இதைச் சொல்கின்றன. இலக்கணப் புலவரை வைத்துப் போற்றிய ஊரிலிருந்து, ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, சோழ அரசின் தலையெழுத்தையே தீர்மானித்த ஒரு படைத்தலைவர் வந்தார்.

அவருடைய வாழ்க்கை நமக்குத் தெரிவது ஒரே ஒரு நீண்ட கல்வெட்டால். மயிலாடுதுறை வட்டாரத்தில் அவர் பெயராலேயே வழங்கும் பல்லவராயன்பேட்டையில் அது இருக்கிறது. இரண்டாம் ராஜாதிராஜனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது 1170-களின் முற்பகுதி. சோழர் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை விளக்குக்கு விட்ட ஆடு, கோயிலுக்குக் கொடுத்த நிலம், சபை விற்ற காணி என்ற அளவில் நின்றுவிடும். அரண்மனைக்குள் நடந்ததை, ஒரு அமைச்சர் எடுத்த முடிவை, அதன் காரணத்தோடு சொல்லும் கல்வெட்டு மிக அபூர்வம். இது அப்படிப்பட்டது.

அது சொல்லும் கதை இது. இரண்டாம் ராஜராஜன் 1146-இல் ஆட்சிக்கு வந்தவன். தாராசுரத்துக் கோயிலைக் கட்டியவன். அவனிடம் உயர்ந்த பொறுப்பில் இருந்தார் பல்லவராயர். அரசன் இறந்தான். அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அரசன் போன பிறகு பால்குடி மாறாத பிள்ளைகள் இருக்கும் அரண்மனை எவ்வளவு ஆபத்தான இடம் என்பது பல்லவராயருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரத்தளிப் படைவீட்டிலிருந்து அந்தப்புரத்தையும் பிள்ளைகளையும் பரிவாரத்தையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, ராஜராஜபுரத்தில் பாதுகாப்பாகக் குடியமர்த்தினார். பழையாறைப் பகுதிக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் ராஜராஜபுரம். ஆயிரத்தளியிலிருந்து அந்தக் குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டிய அவசியம் என்ன, யாரிடமிருந்து ஆபத்து என்பதைக் கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு படைத்தலைவர் அரச குடும்பத்தையே இடம் மாற்றினார் என்றால் உள்ளுக்குள்ளேயே நெருப்பு இருந்தது என்றுதான் பொருள்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் ஆராய்ச்சியாளர்களை இன்றுவரை வாதிட வைக்கிறது. பட்டத்துக்கு உரிய வயதில் பிள்ளை இல்லாததால், அரசன் உயிரோடு இருந்தபோதே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஓர் இளவரசனை வரவழைத்திருந்தார்கள். அவன் எதிரிலிப் பெருமாள். விக்கிரம சோழனின் பேரன், நெறியுடைப் பெருமாளின் மகன். அந்த இளவரசனுக்கே ராஜாதிராஜன் என்ற பெயரில் முடிசூட்டு நடந்தது. முடிசூட்டி முடித்ததோடு வேலை தீரவில்லை. நாட்டில் உள்ள தலைவர்களையும் உடன்கூட்டத்தையும் ஒன்றுபடுத்தி, புதிய அரசனை எல்லோரும் ஏற்கும்படி நடத்தினார் என்கிறது கல்வெட்டு. நான்காண்டு இடைவெளி ஒன்றைக் கல்வெட்டு குறிப்பிடுவதை வைத்து, ஆட்சித் தொடக்கம் 1163-ஆ 1166-ஆ என்ற வாதம் நடக்கிறது. அந்த வாதத்தைக் கல்வெட்டறிஞர்களிடம் விட்டுவிடலாம். பல்லவராயரின் ராஜவிசுவாசம் எப்படிப்பட்டது என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. அவர் இறந்த அரசனின் குழந்தையைத் தொட்டிலோடு அரியணையில் ஏற்றவில்லை. ரத்த வரிசையைவிட ஆட்சி அறுந்துபோகாமல் இருப்பது பெரிது என்று முடிவு செய்தார். குழந்தைகளின் உயிரைக் காத்தார். அரியணையை வளர்ந்த ஒருவனிடம் சேர்த்தார். அந்த நேரத்தில் அதுவே சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

சோழ நாட்டில் இப்படி ஒரு நெருக்கடி தீர்ந்துகொண்டிருந்த நாட்களில் மதுரையில் பெரிய நெருக்கடி வெடித்தது. பராக்கிரம பாண்டியன் மதுரையில் ஆண்டான். குலசேகர பாண்டியன் அவன்மேல் படையெடுத்து மதுரையை முற்றுகையிட்டான். பராக்கிரமன் கடல் கடந்து உதவி கேட்டான். பொலன்னறுவையில் அப்போது ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), இலங்கை வரலாற்றின் மிகப் பெரிய அரசர்களில் ஒருவன். அவன் லங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் படை அனுப்பினான். படை வந்து சேருவதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, பராக்கிரம பாண்டியனை மனைவி மக்களோடு கொன்றுவிட்டான். தப்பிய ஒரு மகன் வீரபாண்டியன்.

உதவ வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. இராமேசுவரத்தில் இறங்கினார்கள், அந்தத் தீவில் கோட்டை கட்டி அதற்குத் தங்கள் அரசன் பெயரையே வைத்தார்கள். ஊர் ஊராகப் பாண்டிய நாட்டைப் பிடித்து வீரபாண்டியனுக்கு முடிசூட்டினார்கள். பிடிபட்ட தமிழர்களை அனுராதபுரத்து மகாதூபியைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள் என்று பாலி மொழியில் எழுதப்பட்ட சூளவம்சம் பெருமையோடு சொல்கிறது. அந்த நூலின் 76, 77-ஆம் அத்தியாயங்களில் பெரும்பகுதி இந்தப் போர்தான். எந்த ஊரில் யார் யார் சேர்ந்தார்கள், எந்தச் சிற்றரசன் எந்தப் பக்கம் மாறினான் என்று நீண்ட பட்டியல். இன்று ஒரு பக்கம் நின்ற மறவர் தலைவன் நாளை மறுபக்கம் நின்றான். தாயாதிச் சண்டையில் நிலத்தலைவனின் கணக்கு எளிது: யார் வென்றால் என் காணி நிலைக்கும்?

தோற்ற குலசேகரன் சோழ நாட்டுக்குள் புகுந்து, தன் ராஜ்யத்தை மீட்டுத்தர வேண்டும் என்று அடைக்கலம் கேட்டான். இங்கேதான் பல்லவராயர் மறுபடியும் வருகிறார். சோழ அரசு குலசேகரன் பக்கம் நின்றது. படை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. லங்காபுரனையும் அவனுக்குத் துணையாக வந்த ஜகத்விஜயனையும் உள்ளிட்ட தலைவர்களைக் கொன்று, அவர்கள் தலைகளை மதுரை வாசலில் ஆணி அடித்துத் தைக்க வைத்து, குலசேகரனை மதுரைக்குள் புகவிட்டார். பாண்டிய நாடு ஈழ நாடாகாமல் காத்தார். இது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்லும் முடிவு. சூளவம்சத்திலோ லங்காபுரன் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். பராக்கிரமபாகுவின் பெயரில் பாண்டிய நாட்டில் காசு வழங்குகிறது. வெற்றியின் நினைவாக இலங்கையில் பண்டுவிஜயகம் என்ற ஊர் தானமாகிறது. மதுரை வாசலில் தைத்த தலைகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

எது உண்மை? இரண்டு சாட்சிகளும் தத்தம் எசமானருக்காகப் பேசுகிறவை. ஆனால் மூன்றாவது சாட்சி ஒன்று இருக்கிறது, காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கத்தில். வெற்றியைவிட அச்சத்தை அதிகம் பதிவுசெய்த கல்வெட்டு அது. அதனால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுதல். ஈழத்துப் படை இராமேசுவரம் கோயில் வாசலை அடைத்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தைக் கொள்ளையிட்டது என்ற சேதி வடக்கே பரவியிருக்கிறது. தொண்டி, பாசி முதலான இடங்களில் சண்டை நடக்க, சோழ நாட்டு மக்களுக்கு நடுக்கம் பிடித்திருக்கிறது. தொண்டை மண்டலத்துப் பெருந்தலைவன் எதிரிலிசோழச் சம்புவராயன் கவலைப்பட்டு, கௌட தேசத்திலிருந்து வந்து தங்கியிருந்த உமாபதிதேவர் என்ற சைவப் பெரியவரிடம் போய் முறையிடுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். பூசை முடிந்ததும், பகைத் தலைவர்கள் தோற்றோடினார்கள் என்று பல்லவராயரிடமிருந்து ஓலை வருகிறது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் ஊரே அந்தப் பெரியவருக்குத் தானமாகிறது.

போர்க்களத்துக்கு வெகுதொலைவில் இருந்த ஒரு நிலத்தலைவன் சேதிக்காகத் தவித்த அந்த 28 நாள் எனக்கு மதுரை வாசல் காட்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உள்நாட்டுப் போர் எப்படி இருக்கும் என்பதை அது காட்டுகிறது. போரிடுகிறவர்கள் நூறு காதம் தள்ளி இருப்பார்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த ஓலைக்காகக் காத்திருப்பார்கள். ஓலை எழுதியவர் பெயர் நம்பகமான பெயராக இருந்திருக்கிறது என்பதும் இதில் தெரிகிறது.

இனி அவருடைய முடிவு. பல்லவராயர் போர்க்களத்தில் சாகவில்லை. நோய்ப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு பிறக்கிறது. அதன் நோக்கம் வரலாறு எழுதுவது அல்ல. இறந்தவரின் குடும்பத்தாருக்கு இறையிலியாக, அதாவது வரி நீக்கி, நிலம் கொடுத்த பத்திரம் அது. குழந்தைகளைக் காத்தது, அரசனுக்கு முடிசூட்டியது, லங்காபுரனின் தலை என அத்தனையும் அந்த நிலக் கொடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

இதைச் சொல்வதால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடாது. அந்தக் காலத்து விசுவாசம் எதில் வேரூன்றியிருந்தது என்பதுதான் தெரிகிறது. அரசன் சம்பளம் கொடுத்து வைத்த படைத்தலைவன் அல்ல பல்லவராயர். அரசனிடமிருந்து காணியும் பட்டமும் பெற்று, அந்தக் காணியிலிருந்து வரும் நெல்லால் ஆட்களை வைத்து, தேவைப்படும்போது அரசனுக்காகப் படை திரட்டிய தலைவர்களில் ஒருவர் அவர். சேவைக்கு நிலம், நிலத்துக்குச் சேவை. வரி நீக்கப்பட்ட ஒரு வேலி நிலம் அரசனுக்கு இழப்பு, தலைவனுக்குப் பலம். விசுவாசிகளுக்குக் கூலி கொடுக்கக் கொடுக்க அரசனின் கை சுருங்கிற்று. சோழப் பேரரசு வீழ்ந்த கதையில் பாண்டியரும் கர்நாடகத்துப் போசளரும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இதுவும்.

விசுவாசமும் நிலமும் இப்படிப் பிணைந்திருந்தது இங்கே மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 1642-இல் அரசர் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. அரசர் பக்கம் நின்ற நிலக்கிழார்களின் நிலங்களைக் கைப்பற்ற நாடாளுமன்றம் 1643-இல் ஆணையிட்டது. அபராதம் கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ள வழியும் வைத்தது. அங்கே பல ராஜவிசுவாசிகளின் வாழ்க்கை இன்று தெரிவது அந்த அபராதக் கணக்குகளால். நம் பல்லவராயர் தெரிவது இறையிலிப் பத்திரத்தால். வென்ற பக்கத்து விசுவாசிக்கு நிலம் வந்தது, தோற்ற பக்கத்து விசுவாசிக்கு நிலம் போனது. இரண்டு நாட்டிலும் விசுவாசத்தின் கணக்கு நிலப் பதிவேட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். சோழர் காலத்து நிலக்கொடைகளில், முன்பு அந்த நிலத்தை வைத்திருந்தவர்களையும் நிலத்தின் பழைய பெயரையும் நீக்கிக் கொடுப்பதாகச் சொல்லும் வாசகம் அடிக்கடி வரும். யார் அந்த முன்னுடையார், எங்கே போனார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லாது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல் சுரங்கத்துக்காக ஊரோடு நிலம் கொடுத்து இடம் மாறிய குடும்பங்கள் நெய்வேலியைச் சுற்றி இருக்கின்றன. ஒரு பத்திரத்தில் பெயர் ஏறுவதும் நீங்குவதும் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பல்லவராயர் போன பிறகு அவருடைய இடத்துக்கு வந்தவர் பழையனூருடையான் வேதவனமுடையான் அம்மையப்பன் என்ற அண்ணன் பல்லவராயர். அவர் செய்ததைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. ராஜாதிராஜனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு. எந்தக் குலசேகரனுக்காகச் சோழர் ரத்தம் சிந்தினார்களோ, அதே குலசேகரன் சோழனை விட்டு ஈழத்தோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டான். கடிதங்கள் பிடிபட்டன. உடனே சோழ அரசு குலசேகரனை மதுரையிலிருந்து துரத்திவிட்டு, ஈழத்தார் முன்பு முடிசூட்டிய அதே வீரபாண்டியனை அரியணையில் ஏற்றியது. பராக்கிரமபாகு ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் கப்பல் கட்டிப் படை சேர்க்கிறான் என்ற சேதி வந்ததும், அவனோடு பகைத்திருந்த சீவல்லபன் என்பவனைச் சோழர்கள் ஆதரித்து ஈழத்துக்குள்ளேயே அனுப்பினார்கள். அண்ணன் பல்லவராயருக்கும் பழையனூரில் நிலம் கிடைத்தது. காரிகைக் குளத்தூரார் நிறைவேற்றிய கொள்கையைப் பழையனூரார் சில ஆண்டுகளில் தலைகீழாக மாற்றினார். இருவரும் ராஜவிசுவாசிகளே; இருவருக்கும் இறையிலி. 1178-இல் மூன்றாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தபோதும் இதே பாண்டியச் சண்டை தொடர்ந்தது.

இப்போது நம் பக்கத்துக் காடவர்களிடம் வருவோம். கூடலை இருப்பிடமாகக் கொண்ட இவர்கள் முதலில் சோழனுக்கு அடங்கிய அதிகாரிகள்தான். விருத்தாசலம், திருவதிகைப் பகுதிகளில் படிகாவல் உரிமை அவர்களிடம் இருந்தது. ஊரைக் காப்பதும், அதற்கு ஈடாக ஊரிடம் வரி வாங்குவதும் படிகாவல். குலோத்துங்கசோழக் காடவராயன், ராஜராஜக் காடவராயன் என்று அரசன் பெயரையே தங்கள் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். கல்வெட்டில் இந்தப் பெயர்களைப் படிக்கிறவர் இவர்களைவிடப் பெரிய விசுவாசிகள் இல்லை என்று நினைத்துவிடுவார். பக்கத்திலேயே சம்புவராயர், அதியமான், மலையமான் குலத் தலைவர்கள். இவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து, இன்னாருக்கு இன்னார் துணை, இன்னார் பகை என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். செங்கம் முதலான ஊர்களில் அந்த உடன்படிக்கைகள் இருக்கின்றன. அரசன் பெயர் மேலே வரும். உள்ளே பேரம் வேறு.

அந்த வழியில் வந்தவன் கோப்பெருஞ்சிங்கன். அவன் மூன்றாம் ராஜராஜனைச் சிறையிட்டதும் துவாரசமுத்திரத்திலிருந்து போசள அரசன் இரண்டாம் நரசிம்மன் படையோடு புறப்பட்டான். அவனுடைய தளபதிகள் அப்பண்ணரும் சமுத்திர கோப்பையரும் திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகையையும் திருவக்கரையையும் அழித்துக்கொண்டு சேந்தமங்கலம் நோக்கி நடந்தார்கள். வழியில் ஊர்களைக் கொளுத்தியதையும் பெண்களைப் பிடித்ததையும் கொள்ளையிட்டதையும் அவர்களே பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோப்பெருஞ்சிங்கன் பக்கம் நின்று கொல்லப்பட்டவர்களில் ஈழத்து இளவரசன் ஒருவனும் இருந்தான். சோழ அரசனை மீட்டு மறுபடியும் அரியணையில் அமர்த்தினார்கள். அதற்குள் நம் வட்டாரத்து உழவர்கள் பறிகொடுத்ததை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

சேந்தமங்கலத்தில் அடைபட்டிருந்த சோழனை மீட்கக் கர்நாடகத்திலிருந்து படை வரவேண்டியிருந்தது. அவனுக்காகப் படை திரட்டி நிற்க ஒரு பல்லவராயர் இல்லை. 1160-களில் ஒரு தனி மனிதரின் நேர்மை அரியணையைக் காப்பாற்றிற்று. அரியணையின் கீழே இருந்த நிலம் கைமாறிக்கொண்டே இருந்ததை அந்த நேர்மையால் தடுக்க முடியவில்லை. காரிகைக் குளத்தூர்ப் பல்லவராயர் தன் காலத்தின் மிகச் சிறந்த ராஜவிசுவாசி. அவரைப் போன்றவர்களுக்கு நிலத்தால் கூலி கொடுத்த அமைப்புதான் கோப்பெருஞ்சிங்கனையும் வளர்த்தது. கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 1279-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. சேந்தமங்கலத்துக் காடவர் ஆட்சியும் ஏறக்குறைய அதே ஆண்டோடு முடிந்தது. இருவருடைய நாடும் பாண்டியருக்குப் போயிற்று.